ஆப்பிரிக்காவின் ஓப்பன் சோர்ஸ் இறக்குமதிச் சரக்கா?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஆப்பிரிக்காவில் ஓப்பன் சோர்ஸ் (மென்பொருளின் மூலக் குறியீட்டை யாரும் பார்க்க, மாற்ற, பகிர விடும்) இயக்கம் என்று சொல்லும்படி ஏதாவது இருக்கிறதா? இல்லை, ஐரோப்பிய, அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்து இறக்கியதற்குத்தான் அந்தப் பெயரா? இருக்கிறது என்றால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

இருக்கிறது. பணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் பணத்தை மட்டும் வைத்து இதை அளக்க முடியாது. ஓப்பன் சோர்ஸின் முகமான லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியே இன்று பெரும்பாலும் பெரிய கம்பெனிகளின் சம்பளத்தில்தான் எழுதப்படுகிறது, அதற்காக அதை யாரும் போலி என்று சொல்வதில்லை. நான் பார்ப்பது வேறு. பழுதானால் சரிசெய்யத் தெரிந்த ஆள் அந்த ஊரில் இருக்கிறாரா? அவருக்கு மாதச் சம்பளம் வருகிறதா? அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு நாற்காலி உண்டா? முதல் இரண்டும் பல நாடுகளில் நடந்துவிட்டன. மூன்றாவதற்குத்தான் இப்போது இழுபறி.

54 நாடுகளை ஒரே பதிலில் அடக்க முடியாது. தென்னாப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா பக்கமே அதிகம் நிற்கப்போகிறேன். பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதி தனிக் கதை. டோகோவின் லோமே நகரில் 2013-ல் தூக்கியெறிந்த பழைய ஸ்கேனர், பிரிண்டர் பாகங்களை வைத்தே ஒரு முப்பரிமாண அச்சு எந்திரத்தைச் செய்து காட்டினார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன்.

அதிகம் பேர் கேள்விப்படாத பெயரிலிருந்து தொடங்கலாம்: டிஎச்ஐஎஸ்2. இந்த மாதம் எந்த மாவட்டத்தில் எத்தனை பிரசவம், எத்தனை குழந்தைக்குத் தடுப்பூசி, எத்தனை பேருக்கு மலேரியா என்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து மேலே போகும் கணக்கை வாங்கித் தொகுக்கும் மென்பொருள் இது. இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடுகிறது. பிறந்த இடம் கேப் டவுன்.

1994-ல் நிறவெறி ஆட்சி முடிந்தபோது தென்னாப்பிரிக்காவில் இருந்தது ஒரு சுகாதாரத் துறை இல்லை, 14. வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்திய வம்சாவளியினருக்கு ஒன்று, கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்திருந்த பத்துத் தாயகங்களுக்கும் தலா ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே பொதுவாக ஒன்று. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிப் படிவம். ஒரு மாவட்டத்தின் உடல்நலம் எப்படி இருக்கிறது என்ற சாதாரணக் கேள்விக்குக்கூடப் பதில் சொல்ல ஆள் கிடையாது. கீழே இருக்கும் செவிலியர் பக்கம் பக்கமாக நிரப்பி மேலே அனுப்புவார், அது அவரிடம் ஒருநாளும் திரும்பி வராது.

மேற்கு கேப் பல்கலைக்கழகத்தினரும், நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த யோர்ன் பிரா போன்ற ஆய்வாளர்களும் கேப் டவுனின் சில சுகாதார மாவட்டங்களில் இதை மாற்ற இறங்கினார்கள். எல்லோரும் கட்டாயமாக அனுப்ப வேண்டிய பட்டியலை முதலில் மிகச் சிறியதாக்கினார்கள். அதற்கு மேல் ஒரு மாவட்டத்துக்குத் தனியாக ஏதாவது எண்ணிப் பார்க்க வேண்டும் என்றால், புரோகிராமரைக் கூப்பிடாமல் அவர்களே மென்பொருளில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். 90-களின் கடைசியில் வந்த முதல் பதிப்பு 2000 வாக்கில் நாடு முழுக்கப் போனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓப்பன் சோர்ஸ் என்று வெளியிட்ட அந்த முதல் பதிப்பு ஓடியது காசு கொடுத்து வாங்கும் மூடிய மென்பொருளான மைக்ரோசாப்ட் ஆக்சஸ் மேல்! கொள்கைவாதிகள் முகம் சுளித்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு மாவட்ட அலுவலகங்களில் இருந்த கணினிகளில் இருந்தது அதுதான். இருப்பதில் ஓடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அந்தச் சமரசம் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலில் லினக்ஸ் போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம் என்று இருந்திருந்தால் இன்றைக்கு இதைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சியிருக்காது.

அங்கிருந்து மொசாம்பிக், மலாவி என்று பரவியது. நம் பக்கமும் வந்தது. 2000-ன் கடைசியில் ஆந்திராவின் குப்பத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தியாவின் முதல் முயற்சி தொடங்கியது. ஆக்சஸை விட்டுவிட்டு ஜாவா என்ற புரோகிராமிங் மொழியில் இணையத்துக்காகப் புதிதாக எழுதிய இரண்டாம் பதிப்பு 2006-ல் முதன்முதலாகப் புழக்கத்துக்கு வந்தது கேரளத்தில். அங்கே கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது ஓப்பன் சோர்ஸுக்கு, அரசின் ஆதரவு ஏற்கெனவே இருந்தது. அப்புறம் 2011-ல் கென்யா. நாடு முழுவதற்கும் ஒரே மையச் சர்வர், மாவட்டங்களிலிருந்து மொபைல் மோடம் வழியாக இணைப்பு என்று சகாராவுக்குத் தெற்கே முதன்முதலில் முழுக்க இணையத்திலேயே நடத்திக் காட்டியது அந்த நாடுதான். அரசு அலுவலகங்களுக்கு நல்ல கேபிள் இணைப்பு வரும்வரை காத்திருக்கவில்லை, செவிலியர் கையில் இருந்த செல்போன் சிக்னலையே நம்பினார்கள்.

2020 ஜனவரியில் இலங்கையில் முதல் கொரோனா நோயாளி தெரியவந்தபோது, வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்க அங்குள்ள குழு இதே மென்பொருளின் மேல் ஒரு தொகுதியைக் கட்டியது. அதை அப்படியே பொதுவில் வைத்தார்கள். பல நாடுகள் எடுத்துக்கொண்டன, கடைசியில் நார்வே நகராட்சிகளே நோய்த்தொடர்பு தேட டிஎச்ஐஎஸ்2-ஐப் பயன்படுத்தின. கேப் டவுனில் தொடங்கி, குப்பம், திருவனந்தபுரம், நைரோபி, கொழும்பு சுற்றி ஓஸ்லோவுக்கே திரும்பிய ஒரு மென்பொருளை எந்தக் கண்டத்தின் சரக்கு என்று சொல்வது?

சரி, குறை என்ன? மையக் குறியீடு இன்றும் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் கையில். எந்த வசதி அடுத்த பதிப்பில் வரும் என்ற முடிவில் நிதி கொடுப்பவர்களின் நிழல் விழாமல் இருக்காது. ஆப்பிரிக்க நாடுகளில் உள்ள குழுக்கள், குறிப்பாக உகாண்டா, தான்சானியா, மொசாம்பிக்கில் இருப்பவை, நிறுவுவது, பயிற்சி தருவது, தங்கள் நாட்டுக்கு வேண்டிய செயலிகளை மேலே கட்டுவது ஆகியவற்றில் தேர்ந்தவை. அடித்தளத்தை மாற்ற வேண்டும் என்றால் இன்னும் வடக்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது இதன் இன்னொரு பக்கம் தெரிந்தது. எச்.ஐ.வி.க்கான அமெரிக்க நிதித் திட்டம் தன் கணக்குகளை வைத்திருந்த தளமும் டிஎச்ஐஎஸ்2-ல் கட்டியதுதான். அது வாஷிங்டன் முடிவோடு இருண்டது. நாட்டுச் சுகாதார அமைச்சகங்கள் தாங்களே நடத்திய டிஎச்ஐஎஸ்2 அப்படி ஒரே நாளில் அணையவில்லை. இரண்டுக்கும் ஒரே மென்பொருள், ஒரே உரிமம். சர்வரின் சாவி யார் கையில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம். தரவை உள்ளிட வைத்திருந்த ஒப்பந்த ஊழியர்களின் சம்பளம் போனதை எந்த உரிமமும் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதேபோன்ற இன்னொரு கதை ஓப்பன்எம்ஆர்எஸ். நோயாளிகளின் மருத்துவப் பதிவேட்டை வைத்திருக்கும் மென்பொருள், 2004-ல் தொடங்கி 2006-ல் கென்யாவின் எல்டோரெட் நகரில் எச்.ஐ.வி. சிகிச்சைக்காக முதலில் ஓடியது. அதன் மேல் இந்தியாவில் கட்டப்பட்ட பாம்னி என்ற வடிவம் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. விரித்தால் முன்னது போலவே போகும்.

இனி அரசுகள். 2000-களின் முதல் பாதியில் ஆப்பிரிக்காவில் ஓப்பன் சோர்ஸ் என்றால் மாநாடு, பிரகடனம், கொள்கை அறிக்கை என்றுதான் இருந்தது. ஃபோஸ்ஃபா என்ற கண்டம் தழுவிய அமைப்பு உருவாகி, 2004-ல் கேப் டவுனில் இட்லேலோ என்ற முதல் மாநாடு நடந்தது. பிறகு நைரோபி, டக்கார், அக்ரா என்று நகர்ந்தது. தென்னாப்பிரிக்க அமைச்சரவை 2007 பிப்ரவரியில் கட்டற்ற மென்பொருள் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. காகிதத்தில் அருமையான கொள்கை. அமல்படுத்தியது கொஞ்சம்தான்.

தென்னாப்பிரிக்கப் பள்ளிக் கல்வியில் இது எப்படி முறுக்கிக்கொண்டது என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 2002-ல் சில இயற்பியல் ஆய்வு மாணவர்கள் சேர்ந்து உயர்நிலைப் பள்ளிக்கு அறிவியல் பாடநூல்களைத் தாங்களே எழுதி இலவசமாக வெளியிடத் தொடங்கினார்கள். அது வளர்ந்து சியாவுலா என்ற அமைப்பானது. யாரும் நகலெடுத்துப் பகிரலாம் என்னும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வந்த அவர்களுடைய கணித, அறிவியல் நூல்களை அரசே அச்சடித்து 2012-ல் நாடெங்கும் 10 முதல் 12-ம் வகுப்பு வரை விநியோகித்தது. பதிப்பாளருக்கு உரிமைத்தொகை கிடையாது, அச்சுக்கூலிதான் செலவு. இணையமே இல்லாத கிராமத்துப் பையன் கையிலும் ஒரு கட்டற்ற படைப்பு காகிதமாகப் போய்ச் சேர்ந்தது. பொதுவளம் என்று நாம் பேசும்போது திரையை மட்டுமே நினைக்கிறோம். இங்கே வேலை செய்தது அச்சகமும் லாரியும்.

அடுத்த வருடம், 2013-ல், அதே கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கணினிப் பாடங்களுக்கு இனி மைக்ரோசாப்ட் ஆபிஸும் டெல்ஃபி என்ற புரோகிராமிங் மென்பொருளும் மட்டும்தான். அதுவரை பல பள்ளிகள் ஜாவா கற்பித்துக்கொண்டிருந்தன, சில பள்ளிகள் கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபிஸ் வைத்திருந்தன. ஒரே துறை, ஒரு கையால் கட்டற்ற நூலைக் கொடுத்துவிட்டு மறு கையால் மூடிய மென்பொருளைக் கட்டாயமாக்கியது. 2007 கொள்கையை யாரும் ரத்து செய்யவில்லை, யாருக்கும் அது நினைவில் இல்லை, அவ்வளவுதான். கொள்கை அறிக்கையை வைத்து ஒரு நாட்டை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

நமீபியாவில் ஸ்கூல்நெட் என்ற அமைப்பு 2000 முதல் பள்ளிகளில் லினக்ஸ் கணினிகளை வைத்துவந்தது. மைக்ரோசாப்ட் அவர்களுக்கு ஆபிஸ் மென்பொருளை நன்கொடையாகத் தர முன்வந்தது. ஆனால் அது ஓட வேண்டிய விண்டோஸை அவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்து வேண்டாம் என்று சொன்னார்கள். பிற்காலத்தில் ஸ்கூல்நெட்டே நின்றுபோனது. நன்கொடையை மறுக்கும் தைரியம் இருந்தது, தொடர்ந்து நடத்தும் பணம் இல்லை.

லினக்ஸின் பிரபல வடிவமான உபுண்டுவைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். தென்னாப்பிரிக்காவின் வெல்காம் ஊரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் தன் இணையப் பாதுகாப்பு நிறுவனமான தாவ்ட்டை 1999-ல் வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றார். 2002-ல் ரஷ்ய விண்கலத்தில் ஏறி விண்வெளிக்குப் போய் வந்தார். 2004 அக்டோபரில் உபுண்டுவின் முதல் பதிப்பு வந்தது. எழுதிக் கேட்டால் உபுண்டு சிடியைத் தபால் செலவு கூட இல்லாமல் வீட்டுக்கே அனுப்பினார்கள். 2011-ல் நிறுத்தும்வரை தமிழ்நாட்டில் எத்தனையோ பொறியியல் மாணவர்களுக்கு லினக்ஸ் அறிமுகமானது அந்த உறை வழியாகத்தான். ஆனால் உபுண்டுவை ஆப்பிரிக்க இயக்கத்தின் கணக்கில் வைக்க எனக்கு மனமில்லை. அதன் நிறுவனம் லண்டனில், எழுதியவர்கள் உலகெங்கும். ஷட்டில்வொர்த் அறக்கட்டளை தென்னாப்பிரிக்கக் கடைத்தெருக்களிலும் கல்விக்கூடங்களிலும் நிறுத்திய ஃப்ரீடம் டோஸ்டர் பெட்டிகள்தான் அந்த ஊருக்கே உரியவை. வெற்று சிடியைக் கொண்டுபோய்ச் செருகினால் அதில் லினக்ஸைப் பதிந்து கொடுக்கும். டவுன்லோடு செய்ய முடியாத விலையில் இணையம் இருந்த காலத்துக்கு அது சரியான பதில்.

உபுண்டு அளவுக்குப் பெயர் இல்லாத, ஆனால் தமிழுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. 2001-ல் டுவைன் பெய்லி என்பவர் தென்னாப்பிரிக்காவின் அன்றைய 11 ஆட்சிமொழிகளிலும் மென்பொருள் வர வேண்டும் என்று ஒரு திட்டம் தொடங்கினார். ஜூலு, சோசா, வெண்டா மொழிகளில் ஓப்பன் ஆபிஸைக் கொண்டுவர முயன்றபோது மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேண்டிய கருவியே இல்லை என்று தெரிந்தது. கோப்பைத் திறந்து குறியீட்டின் நடுவே மொழிபெயர்க்க ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் வர மாட்டார்கள். உலாவியில் திறந்து ஒவ்வொரு வரியாக மொழிபெயர்க்கும் பூட்டில் என்ற தளத்தை அவர்களே எழுதினார்கள். லிப்ரே ஆபிஸின் மொழிபெயர்ப்புப் பணி பல வருடங்கள் அந்தத் தளத்தில்தான் நடந்தது, தமிழாக்கமும் அதில் அடக்கம். நம் மெனுவில் 'கோப்பு', 'தொகு' என்று வந்ததில் வெண்டா மொழிக்காரர்களின் தேவைக்கும் ஒரு பங்கு உண்டு.

வரைபடங்கள் பக்கம் வருவோம். 2007 டிசம்பர் 27 தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் வன்முறை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். நேரலைச் செய்திக்குத் தடை விதித்தது அரசு. எங்கே என்ன நடக்கிறது என்று மக்களே அனுப்பும் தகவலை வரைபடத்தில் போடலாமே என்று ஜனவரி தொடக்கத்தில் ஓரி ஒக்கொல்லோ எழுத, டேவிட் கோபியா, எரிக் ஹெர்ஸ்மன், ஜூலியானா ரோட்டிச் போன்றோர் சில நாட்களிலேயே ஒரு தளத்தைக் கட்டினார்கள். அதுதான் உஷாஹிதி. குறியீட்டைப் பொதுவில் வைத்தார்கள், 2010-ல் ஹைத்தி நிலநடுக்கத்துக்கு அது போனது. நைரோபியின் ஐஹப் என்ற கூடுமிடம் அதே வருடம் பிறந்தது.

அதைப் பார்த்து உலகமெங்கும் ஆளுக்கொரு உஷாஹிதி வரைபடம் தொடங்கினார்கள். பெரும்பாலானவை நாலைந்து புள்ளிகளோடு செத்தன. தளம் இலவசமாகக் கிடைத்தது. வரும் தகவலைச் சரிபார்க்கும் ஆட்கள் இலவசமாகக் கிடைக்கவில்லை.

ஆட்களைத் தயார் செய்வதில் கிபேரா வேறு மாதிரி. நைரோபியின் மிகப் பெரிய குடிசைப்பகுதி அது, மக்கள் தண்ணீர்க் குழாய்க்கு வரிசையில் நிற்கும் இடம். வரைபடங்களில் மட்டும் வெற்றிடம். 2009-ல் அந்தப் பகுதி இளைஞர்கள் 13 பேர் ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து குழாய், கழிப்பறை, பள்ளி, கிளினிக் எல்லாவற்றையும் யாரும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தில் ஏற்றினார்கள். 2011-ல் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரின் தண்டாலே பகுதியிலும், 2015 முதல் அந்த நகரின் வெள்ளம் புகும் வட்டாரங்களிலும், ராமனி ஹுரியா என்ற திட்டத்தில், மாணவர்களும் குடியிருப்போரும் சேர்ந்து சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே குப்பை அடைத்திருக்கிறது என்பதுவரை வரைந்தார்கள்.

2014 எபோலா சமயத்தில் உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து கினி நாட்டின் வீடுகளையும் சாலைகளையும் வரைந்து கொடுத்தார்கள். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் செயற்கைக்கோளுக்குக் கூரை தெரியும், ஊர்ப்பெயர் தெரியாது. பெயர் இல்லாத சாலைகளின் வரைபடத்தை வைத்துக்கொண்டு நோயாளி சொல்லும் கிராமத்துக்கு எப்படிப் போவது? தொலைவிலிருந்து வரைவதும் தெருவில் இறங்கி வரைவதும் ஒன்றல்ல என்ற வாதம் ஆப்பிரிக்க வரைபடக்காரர்களிடம் அப்போதிலிருந்தே ஓடுகிறது. 2017-ல் உகாண்டாவின் கம்பாலாவில் கண்டத்துக்கென்றே முதல் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் மாநாடு கூடியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

விக்கிப்பீடியாவைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். சில மொபைல் நிறுவனங்கள் டேட்டா கட்டணம் இல்லாமல் விக்கிப்பீடியாவைத் திறந்துவிட்டன. அங்கோலாவில் 2016 வாக்கில் மக்கள் திரைப்படங்களை விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றி, இணைப்பை இலவச ஃபேஸ்புக்கில் பகிர்ந்துகொண்டார்கள். விக்கிமீடியாக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் புரிகிறது. கலைக்களஞ்சியத்துக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு மற்ற இணையத்தைக் காசுக்கு வைத்தால், மக்கள் அந்தக் கதவு வழியாகவே எல்லாவற்றையும் கொண்டுபோகப் பார்ப்பார்கள். அந்தத் திட்டமே 2018-ல் முடிந்தது.

இப்போது மொழித் தரவு. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் நான் முதலில் சொன்ன மூன்றாவது கேள்வி, முடிவெடுப்பவர் யார் என்பது, இங்கேதான் கொதிக்கிறது.

2019-ல் ஜேட் அபாட், லாரா மார்ட்டினஸ் என்ற இரண்டு தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் தொடங்கி வைத்த குழு மசகானே. ஆப்பிரிக்க மொழிகளுக்கு எந்திர மொழிபெயர்ப்பு செய்ய வேண்டும், அதை ஆப்பிரிக்கர்களே செய்ய வேண்டும். சேர்வதற்குப் பட்டம் வேண்டாம், உன் மொழி தெரிந்தால் போதும். கூகுள் இலவசமாகத் தரும் கணினி நேரத்தில் ஓடும் ஒரு மாதிரிக் கோப்பைப் பொதுவில் வைத்தார்கள். மொழியின் பெயரை மாற்றி ஓட்டிப் பார், வந்ததைப் பகிர். அடுத்த வருடமே 30-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு முடிவுகளோடு ஒரு கட்டுரை வந்தது. அதன் ஆசிரியர் பட்டியலே ஒரு ஊர்க்கூட்டம் அளவுக்கு நீளம். அதன் பிறகு அம்ஹாரிக், ஹவுசா, இக்போ, லுகாண்டா, வோலோஃப், யொருபா உட்பட 10 மொழிகளில் செய்திகளிலிருந்து ஆள், இடம், நிறுவனப் பெயர்களைக் கையால் குறித்த தரவுத்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் மொழிபெயர்ப்புக்கு இரண்டு மொழியிலும் இணையான உரை வேண்டும். பல ஆப்பிரிக்க மொழிகளில் இணையத்தில் அப்படிப் பெரிய அளவில் கிடைத்தது இதுதான்: யெகோவாவின் சாட்சிகள் அமைப்பு 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியிட்ட சமய இதழ்கள். அவற்றைத் திரட்டிய ஜேடபிள்யூ300 என்ற தொகுப்பு 2019-ல் வந்தது, எல்லோரும் அதன் மேல் கட்டினார்கள். சமய உரையில் பழகிய எந்திரம் எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் பிரசங்கம் செய்யும் என்பது ஒரு தொல்லை. பெரிய தொல்லை வேறு. அந்தத் தளத்தின் விதிகள் இப்படித் தரவு எடுப்பதற்கு இடம் தரவில்லை. அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. தொகுப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. பல மொழிகளின் அடித்தளமே ஒரே நாளில் சட்டச் சிக்கலாகிவிட்டது.

அதன் பிறகு அவர்கள் செய்தது எனக்குப் பிடித்த பகுதி. 2022-ல் 16 ஆப்பிரிக்க மொழிகளில் செய்திகளைத் தாங்களே ஆள் வைத்து மொழிபெயர்த்து ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். ஏற்கெனவே பயிற்றுவித்த பெரிய மொழி மாதிரி (மாடல்) ஒன்றை எடுத்துக்கொண்டால், தரமான சில ஆயிரம் வாக்கியங்களே அதை ஒரு மொழிக்குப் பழக்கப் போதும் என்று அதில் காட்டினார்கள். கோடிக்கணக்கில் குப்பையாகக் கூட்டுவதைவிட, தெரிந்தவர்கள் உட்கார்ந்து சில ஆயிரம் வாக்கியம் எழுதுவது மேல். தமிழில் இந்த வேலை செய்பவர்கள் அந்தக் கட்டுரையை ஒருமுறை முழுக்கப் படிக்கலாம்.

குரலில் ருவாண்டா முன்னால் நிற்கிறது. மக்களின் குரல் பதிவுகளைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் கின்யருவாண்டா மொழிக்கு ஏறக்குறைய 2,000 மணி நேரச் சரிபார்த்த ஒலிப்பதிவு இருக்கிறது, தமிழுக்கு இருப்பதைப் போலப் பல மடங்கு. அந்த நாட்டில் மாதத்தின் கடைசி சனிக்கிழமை ஊரே சேர்ந்து பொதுவேலை செய்யும் உமுகாண்டா என்ற வழக்கம் உண்டு. தலைநகர் கிகாலியின் டிஜிட்டல் உமுகாண்டா என்ற குழு அந்த வழக்கத்தையே பயன்படுத்தி மக்களைக் குரல் கொடுக்க வைத்தது. ஜெர்மன் உதவி நிறுவனத்தின் பணமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம்.

அந்த ஒலிப்பதிவுகள் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோவில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். கலிபோர்னியாவில் இருக்கும் கம்பெனி எடுத்து, குரல் சேவை செய்து, கிகாலிக்கே மாதச் சந்தாவுக்கு விற்கலாம். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. இங்கேதான் ஓப்பன் என்ற கொள்கை ஆப்பிரிக்காவில் உறுத்தத் தொடங்கியது. ஏரித் தண்ணீர் ஊருக்குப் பொது என்றாலும், எந்த வயலுக்கு எப்போது மடையைத் திறப்பது என்று பார்க்க நீர்க்கட்டி ஒருவர் இருப்பார். இங்கே மடை எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, பெரிய மோட்டார் வைத்திருப்பவர் நிறைய இறைத்துக்கொண்டு போகிறார்.

பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் சட்ட ஆய்வாளர்கள், நைரோபியின் ஸ்ட்ராத்மோர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எழுதிய ந்வுலிட்டே ஒபோடோ என்ற தரவு உரிமம் இதற்கு ஒரு பதில். எடுப்பவர் ஆப்பிரிக்காவிலோ வேறு வளரும் நாட்டிலோ இருந்தால் ஒரு விதி, பணக்கார நாட்டில் இருந்தால் வேறு விதி. பின்னவர் பலனில் ஒரு பங்கைத் தரவு கொடுத்த சமூகத்துக்குத் திருப்புவது பற்றிப் பேசித் தீர்க்க வேண்டும். நியூசிலாந்தில் மாவோரி மக்களின் வானொலி அமைப்பான தே ஹிகு தன் ஒலித்தரவுக்கு இதைவிடக் கறாரான உரிமம் வைத்திருக்கிறது.

ஓப்பன் சோர்ஸின் பழைய இலக்கணப்படி இது ஓப்பனே இல்லை. ஆள் பார்த்து, இடம் பார்த்து வேறுபடுத்தக் கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. விக்கிப்பீடியாவில் இந்த உரிமத்தோடு எதையும் ஏற்ற முடியாது. இரண்டு உரிமத் தரவுகளைக் கலப்பதும் தலைவலி. கென்யாவில் கிளை வைத்த அமெரிக்கக் கம்பெனி எந்த வகை? விதியை மீறினால் யார் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? இந்தக் கேள்விகளை எதிர்ப்பாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இருந்தும் என் சாய்வு பிரிட்டோரியாக்காரர்கள் பக்கம்தான். பழைய இலக்கணம் எழுதப்பட்டது புரோகிராமர்கள் புரோகிராமர்களுக்குக் கொடுத்துவாங்கிய காலத்தில். எடுத்தவரே நாளைக்கு ஒரு பிழையைத் திருத்தித் திருப்பித் தருவார் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. ஒரு பாட்டியின் குரலை எடுத்துப் பயிற்றுவித்த மாதிரியிலிருந்து அந்தப் பாட்டிக்கு எதுவும் தானாகத் திரும்பி வராது. ஒன்று மட்டும்: எல்லாவற்றுக்கும் இந்தப் பூட்டைப் போட்டால் மசகானே போன்ற குழுவே பிறந்திருக்காது. குறியீட்டுக்கும் பாடநூலுக்கும் பழைய முழுத் திறப்பு, மக்களிடமிருந்து நேரடியாகத் திரட்டும் குரல், மொழித் தரவுக்கு நிபந்தனையோடு திறப்பு என்று பிரித்துவைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டதற்கு: புரோகிராமர் என்றால் டிஎச்ஐஎஸ்2-ன் விளக்க நகல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஒரு மாவட்டத்தின் கற்பனைக் கணக்கை நீங்களே உள்ளிட்டுப் பார்க்கலாம். ஆசிரியர் என்றால் சியாவுலாவின் கணித நூலை இறக்கி, நம் பதினோராம் வகுப்பு நூலோடு ஒரு பாடத்தையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொழி ஆர்வலர் என்றால் மசகானேயின் கட்டுரைகளும் தொகுப்புகளும் பொதுவில் கிடைக்கின்றன. எதையும் எடுப்பதற்கு முன் அதன் உரிமத்தைப் படித்துவிடுங்கள். எல்லாம் ஒரே வகை இல்லை.